மூழ்குவோரின் மூச்சைக் காக்கும் கருவிகள்

அந்தமான் தீவுகளிலும், லட்சத்தீவுகளிலும், கர்நாடகக் கரையை அடுத்த நேத்ராணித் தீவின் அருகிலும் காற்று உருளையை முதுகில் சுமந்து கடலடியைக் கண்டு வருவோர் இன்று பலர். அவர்களுடைய உயிர், கைக்கு அடங்கும் ஒரு சாதனத்தை நம்பியிருக்கிறது. அதற்கு ரெகுலேட்டர் என்று பெயர். 1943ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டில் ஜாக் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும், எமில் கான்யான் என்ற பொறியியலாளரும் உருவாக்கிய அமைப்பே இதன் முன்னோடி. இதனையும் இதன் குழல்களையும் பேணுவதற்கு எத்தகைய கைக்கருவிகள் ஏற்றவை என்பதை இங்கே காண்போம்.

முதலில் அது தொழிற்படும் முறையை அறிந்து கொள்ளுதல் நலம். உருளையினுள் காற்று ஏறத்தாழ 200 வளிமண்டல அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. உருளையின் வாயிற் பொருத்தப்படும் முதற்பகுதி அந்த அழுத்தத்தைக் குறைத்து, சுற்றிலுமுள்ள நீரின் அழுத்தத்தைவிடச் சுமார் 9 அல்லது 10 வளிமண்டலம் மட்டுமே மிகுந்திருக்கச் செய்கிறது. பின்னர் காற்று குழலின் வழியே வாயிற் கவ்வும் இரண்டாம் பகுதியை அடைந்து, நாம் மூச்சை இழுக்கும்போது நீரழுத்தத்திற்குச் சமமாகி வெளிப்படுகிறது. இவ்வளவு அழுத்தத்தையும் கசியாமல் அடக்கி வைப்பவை 'ஓ' வளையங்கள் எனப்படும் சிறிய ரப்பர் வளையங்கள். அவை அமர்ந்திருக்கும் பள்ளமோ குரோமியப் பூச்சிட்ட பித்தளை. அப்பள்ளத்தில் மயிரிழை போன்ற கீறல் விழுந்தாலும் காற்று அதன் வழியே தப்பிவிடும்.

ஆகவே, கருவியைத் தேர்வதில் முதல் விதி இது: பழுது பார்க்கும் கருவி, பழுது பார்க்கப்படும் உறுப்பைக் கீறுவதாக இருத்தல் ஆகாது. பழைய வளையத்தைக் கிளப்பி எடுக்கக் குண்டூசியையும் எஃகுக் கொக்கியையும் பயன்படுத்துவோர் உண்டு. எஃகு, பித்தளையினும் கடினமானது. கை சற்று வழுக்கினாலும் பள்ளம் கெட்டுவிடும். முனை மழுங்கிய பித்தளைக் கொக்கியோ பிளாஸ்டிக் கொக்கியோ இவ்வேலைக்கு உகந்தது.

அடுத்தது ஸ்பானர். குழல் முனையின் அறுகோணத்திற்குச் சரியாகப் பொருந்தும் அளவுள்ள ஸ்பானரே வேண்டும். வாயகலத்தை மாற்றத்தக்க ஸ்பானரும், குழாய்ப் பணியாளரின் பற்குறடும் மூலைகளை மழுக்கிவிடும். இங்கு மற்றொன்றையும் மனத்திற் கொள்ள வேண்டும். வீட்டுக் குழாய் சொட்டினால் இன்னும் இறுக்கித் திருகுவது நம் வழக்கம். இங்கு அது பயன்படாது. காற்றின் அழுத்தமே வளையத்தைப் பள்ளத்தின் சுவரோடு நெருக்கி அடைப்பை உண்டாக்குகிறது. திருகின் இறுக்கம் உறுப்புகளைக் கழலாமல் பிடித்து வைக்க மட்டுமே. குழல் முனைகளுக்குப் பெரும்பாலும் 4 முதல் 5 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை போதும். 10 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் நுனியில் நாலரைக் கிலோகிராம் எடை தொங்கினால் உண்டாகும் விசை அவ்வளவே. அதே பலத்தை 30 சென்டிமீட்டர் ஸ்பானரில் செலுத்தினால் விசை மும்மடங்காகி, புரி சிதையக்கூடும். ஆதலின் நீண்ட பிடியை விலக்கி, சிறிய அளவுகளைக் காட்டும் முறுக்குமானி ஸ்பானரை வாங்குதல் சிறந்தது.

மூன்றாவது கருவி, இடையழுத்த மானி. 20 வளிமண்டலம் வரை காட்டும் மானியை மிதவைச் சட்டைக்குக் காற்றூட்டும் குழலின் முனையில் பொருத்தி உருளையைத் திறந்தால், முள் ஏறி ஓரிடத்தில் நிலைபெற வேண்டும். நில்லாமல் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால், முதற்பகுதியின் அடைப்பு தேய்ந்துவிட்டது என்று அறியலாம். கண்ணுக்கும் செவிக்கும் புலப்படாத இக்குறையை இம்மானி கரையிலேயே காட்டிவிடுகிறது. கடலடியில் தெரியவந்தால், நிற்காமற் பீறிடும் காற்றினால் உருளை விரைவில் வறிதாகும். இம்மானியை உயரழுத்தத் துளையில் ஒருபோதும் பொருத்தலாகாது, வெடித்துவிடும்.

குழல்களைச் சோதிக்க வேண்டியவை ஒரு விளக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியுமே. முனைகளை மூடியிருக்கும் ரப்பர் உறையைப் பின்னுக்குத் தள்ளி, வெடிப்பும் துருவும் உப்பலும் உண்டா என்று பார்க்க வேண்டும். குழல்கள் பெரும்பாலும் அங்கேதான் முதலிற் பழுதடைகின்றன. வளையங்களுக்குச் சிலிகோன் மசகு சிறிதளவு போதும். ஆக்சிஜன் மிகுதியாகக் கலந்த காற்றைப் பயன்படுத்துவோர் அதற்கென்றே செய்யப்பட்ட மசகைக் கொள்ள வேண்டும். சாதாரண எண்ணெய் தீப்பற்ற இடமளிக்கும்.

எக்கருவியைக் கையில் எடுக்கும் முன்பும் உருளையை மூடி, குழலில் எஞ்சிய காற்றை வெளியேற்றுதல் இன்றியமையாதது. குழல் மாற்றுதல், வெளி வளையங்களை மாற்றுதல், மானியால் சோதித்தல் ஆகியவற்றை, முறையாகக் கற்ற மூழ்குநர் தாமே செய்து கொள்ளலாம். உட்பகுதிகளைப் பிரித்துச் சேர்ப்பது, உற்பத்தியாளரிடம் பயிற்சி பெற்றவரின் பணி. எனவே பெரிய கருவிப்பெட்டியை நாட வேண்டியதில்லை; பொருத்தமான ஸ்பானர்கள், மென்மையான கொக்கி, நம்பத்தக்க மானி ஆகியவற்றை முதலில் வாங்கினால், பெரும்பாலோருடைய தேவை நிறைவேறிவிடும்.