குமாரலிங்கபுரம் ஜவுளி ‘பார்க்’: பூவே இல்லாத இடத்துக்கு ஏன் இந்தப் பெயர்?

விருதுநகர் மாவட்டம் குமாரலிங்கபுரத்தில் ‘பி.எம். மித்ரா’ ஜவுளிப் பூங்கா வருகிறது. 2023 மார்ச்சில் மத்திய அரசு அறிவித்த 7 இடங்களில் இதுவும் ஒன்று. பரப்பு 1,052 ஏக்கர். வானம் பார்த்த பூமியில் பூங்காவா? அங்கே வரப்போவது ஊஞ்சலும் சறுக்குமரமும் இல்லை. நூற்பு, நெசவு, சாயம், தையல். அப்புறம் ஏன் ‘பார்க்’னு பேரு?

வேலிதான் விஷயம்

இடைக்கால இங்கிலாந்தில், மன்னரும் பிரபுக்களும் மான் வேட்டைக்காக வேலி போட்டு அடைத்த நிலம்தான் ‘பார்க்’. பூவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. பின்னர் ராணுவம் பீரங்கிகளை மொத்தமாக நிறுத்திவைத்த இடத்துக்கும் அந்தப் பெயர் வந்தது. நாம் பைக்கை ‘பார்க்’ பண்ணுவது அந்த வழியில் வந்ததுதான். பொதுமக்கள் காற்று வாங்கும் பார்க், 19-ம் நூற்றாண்டில்தான் பரவலானது.

மான்செஸ்டர் அருகே டிராஃபோர்டு குடும்பத்தின் மான் பூங்கா 1896-ல் விற்கப்பட்டு, தொழிற்சாலைகளுக்கான இடமானது. மான்கள் போய்விட்டன. ‘டிராஃபோர்டு பார்க்’ என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

தமிழில் என்ன ஆச்சு?

பூ + கா = பூங்கா. ‘கா’ என்றால் சோலை. சிறுவர் பூங்காவுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். 1958-ல் கிண்டியில் தொழிற்சாலைகளுக்கு இடம் ஒதுக்கியபோது ‘தொழிற்பேட்டை’ என்றோம். 2000-ல் சென்னையில் டைடல் பார்க் வந்தது. ‘பூங்கா’ தொழிலுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

அப்போ, எதைக் கவனிக்கணும்?

தொழில் உலகில் ‘பார்க்’ என்றால் ஒரே வளாகம், ஒரே நிர்வாகம், எல்லோருக்கும் பொதுவான சாலை, மின்சாரம், தண்ணீர், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு. ஜவுளியில் கடைசி இரண்டும்தான் உயிர்நாடி. நொய்யலில் சாயக்கழிவு கலந்ததால், திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இத்தனைக்கும் அங்கே பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருந்தன. அவை ஒழுங்காக வேலை செய்யாததுதான் பிரச்சினை.

மழையை நம்பியிருக்கும் குமாரலிங்கபுரத்திலும் கேட்க வேண்டியது இதைத்தான்: சாயத்துக்கான தண்ணீர் எங்கிருந்து வரும்? பயன்படுத்திய தண்ணீர் எங்கே போகும்? வேலை தேடுபவர்கள் இன்னொன்றும் கவனிக்கலாம். சில கட்டடங்களுக்கு ‘டெக் பார்க்’ என்பது வெறும் பெயர்ப்பலகைதான். விளம்பரத்தில் அந்தச் சொல்லைப் பார்த்தால், உள்ளே என்னென்ன பொது வசதி இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க.