மரைக்காயர் – மரக்கலம் தந்த பெயர்

 

சென்ற ஆண்டு ஒரு நாள், மதரஸாவில் பாடம் முடிந்து பிள்ளைகள் கலைந்து சென்ற பின்னர், பத்து வயது மாணவன் ஒருவன் மட்டும் தயங்கி நின்றான். காரணம் கேட்டேன். "ஹஜ்ரத்! வாப்பா எனக்குப் பாஸ்போர்ட் எடுக்கிறார்கள். குடும்பப் பெயர் எழுதும் இடத்தில் என்ன எழுதுவது என்று வீட்டில் ஒரே பேச்சு. எங்கள் அப்பாவுடைய வீட்டுப் பத்திரத்தில் பெயருக்குப் பின்னால் மரைக்காயர் என்று இருக்கிறது. வாப்பாவுக்கு அது இல்லை. எனக்கும் இல்லை. அப்படியென்றால் என்ன அர்த்தம்?" என்றான். பாட்டனாரை 'அப்பா' என்றழைக்கும் கடற்கரையூர்ப் பிள்ளை அவன்.

அவனுக்கு அன்று சொன்ன விடையைச் சற்று விரித்து உங்கள் முன் வைக்கிறேன். உங்கள் இல்லத்துப் பழைய பத்திரங்களிலும் இப்பெயர் உறங்கிக் கொண்டிருக்கலாம் அல்லவா?

சொல் பிறந்த கதை

மரைக்காயர் என்ற சொல்லின் பிறப்பைப் பற்றி அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. மூன்று விளக்கங்கள் பெரிதும் பேசப்படுகின்றன.

மரக்கலம் என்னும் தூய தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்தது என்பது முதல் விளக்கம். மரக்கலங்களை ஆண்டவர் மரக்கலராயர். அதுவே மருவி மரைக்காயர் ஆயிற்று என்பர். கப்பலைக் குறிக்கும் 'மர்கப்' என்னும் அரபுச் சொல்லின் வழி வந்தது என்பது இரண்டாவது. 'ரகிப' என்றால் ஏறிச் சென்றான் என்று பொருள். ஏறிச் செல்லப்படுவது மர்கப். மார்க்கத்தைப் பின்பற்றியவர் மார்க்கர் எனப்பட்டு, அப்பெயர் திரிந்தது என்பது மூன்றாவது.

இம்மூன்றில் முன்னிரண்டும் கடலையே சுட்டுகின்றன என்பதைக் கவனியுங்கள். இலங்கையில் சிங்கள மக்கள் முஸ்லிம்களைக் குறிக்க 'மரக்கல' என்ற சொல்லை வழங்கி வந்திருக்கிறார்கள். மரக்கலத்தில் வந்திறங்கியவர்கள் என்ற நினைவு அடுத்த வீட்டாரின் மொழியிலும் தங்கிவிட்டது. ஆகவே தமிழ் வேரோ அரபு வேரோ, கப்பலோடு இப்பெயருக்குள்ள உறவு உறுதியாகத் தோன்றுகிறது. அல்லாஹ்வே மிக அறிந்தவன்.

கரையோரத்தில் இப்பெயர்

பழவேற்காடு முதல் பரங்கிப்பேட்டை, காரைக்கால், நாகூர், அதிராம்பட்டினம், கீழக்கரை, காயல்பட்டினம் வரை நம் கடற்கரைப் பட்டினங்களில் வாழ்ந்த வணிகப் பெருமக்கள் இப்பெயரைத் தாங்கினர். அரபு நாட்டுக் கடல் வணிகர்களோடு நெருங்கிய தொடர்புடையவர்கள்; ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுபவர்கள். முத்தும் சங்கும் துணியும் ஏற்றுமதி செய்த கைகள் இவர்களுடையவை.

அக்கைகள் தமிழுக்கும் கொடுத்தன. 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று இன்றும் ஊர் சொல்லும் கீழக்கரை வள்ளலின் இயற்பெயர் ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர். கிழவன் சேதுபதி மன்னரின் உற்ற நண்பர். உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடுவதற்குத் தூண்டுகோலாக விளங்கியவர் அவரே. அவர் மறைந்த பின்னர் புலவரை ஆதரித்தவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர். நபிகள் பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்வைத் தமிழ்க் காப்பியமாக நாம் பெற்றிருப்பதற்குப் பின்னால் இரண்டு மரைக்காயர்கள் நிற்கிறார்கள்!

வாள் ஏந்திய மரக்கார்கள்

மலையாளக் கரையில் இதே பெயர் மரக்கார் என்று ஒலிக்கிறது. போர்த்துக்கீசியர் கடல் வணிகத்தைத் தம் கைக்குள் அடக்க முயன்ற 16ஆம் நூற்றாண்டில், கள்ளிக்கோட்டை சாமூதிரி மன்னரின் கடற்படைத் தலைவர்களாக நின்று எதிர்த்தவர்கள் குஞ்ஞாலி மரக்கார்கள். அப்போராட்டம் நம் கரையையும் தொட்டது. 1538இல் மண்டபத்துக்கு அருகிலுள்ள வேதாளையில் மரக்கார்களின் படைக்கும் போர்த்துக்கீசியருக்கும் பெரும் போர் நடந்தது. அதில் தோல்வி நேர்ந்தும் அவர்கள் ஓயவில்லை. தலைமுறை தலைமுறையாகப் போரிட்டனர். நான்காம் குஞ்ஞாலி 1600ஆம் ஆண்டு கோவாவில் கொல்லப்பட்டார். இந்தியக் கடற்படை மும்பையிலுள்ள தன் தளம் ஒன்றுக்குக் குஞ்ஞாலி என்று பெயரிட்டு அவ்வீரத்தைப் போற்றுகிறது.

கடல் கடந்த பெயர்

இலங்கை சென்ற இப்பெயர் மரிக்கார் ஆயிற்று. 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கியவரும், 1885இல் 'அசன்பே சரித்திரம்' என்னும் நாவலை வெளியிட்டவருமான அறிஞர் சித்திலெப்பை அவர்களின் பெயரும் மரைக்காயர் என்றே முடியும். கிழக்கிலங்கையிலோ இது ஒரு பதவியின் பெயராகவே மாறிவிட்டது. அங்கே தாய்வழிக் குடிகள் ஒவ்வொன்றின் சார்பிலும் பள்ளிவாசல் நிர்வாகத்தில் அமர்ந்தவர் மரைக்கார் எனப்பட்டார்.

மலேசியாவின் பினாங்கில் இது மெரிக்கான் என்று வழங்குகிறது. 1801இல் அங்கு எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலை நிறுவிய பெரியவர் காதர் முகைதீன் மெரிக்கான், நம் சோழமண்டலக் கரையிலிருந்து சென்றவர். மலாய் மக்களோடு கலந்து, வீட்டுமொழியும் உடையும் உணவும் மாறிய பின்பும் பல குடும்பங்கள் மெரிக்கான் என்ற பெயரை மட்டும் விடவில்லை. சிங்கப்பூரில் மரிக்கான், மரிக்கார் என்று வெவ்வேறு எழுத்துக்கூட்டல்களில் காணலாம். அலுவலக எழுத்தர் காதில் விழுந்தவாறு எழுதினார். ஒரு பெயர் பல பெயராயிற்று.

பிறந்த ஊரில் ஏன் மறைகிறது?

குடும்பப் பெயரைப் பதிவு செய்து தலைமுறைதோறும் தொடரும் வழக்கம் வேரூன்றிய நாடுகளில் இப்பெயர் நிலைத்தது. தமிழகத்தில் நமக்கு அவ்வழக்கம் இல்லை. தந்தையின் பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கி மகனின் பெயருக்கு முன் நிற்கும்; பட்டப்பெயர் உதிர்ந்துவிடும். 2002இல் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம் அவர்களை உலகமே அறியும். இராமேஸ்வரத்தில் படகு வைத்திருந்த அவருடைய தந்தையார் ஜைனுலாப்தீன் மரைக்காயர் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? என் மதரஸாவின் இன்றைய வருகைப் பதிவேட்டில் இப்பெயர் ஒன்றுகூட இல்லை. இத்தனைக்கும் மரைக்காயர் வீட்டுப் பிள்ளைகள் பலர் அங்கு ஓதுகிறார்கள்.

பெயரும் பெருமையும்

இதைப் படித்துவிட்டு எவரேனும் மீசையை முறுக்குவீர்களாயின், ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமணப் பேச்சில் என்னை நடுவில் அமர்த்தினார்கள். மாப்பிள்ளை ஐவேளைத் தொழுகையாளி. ஹலாலான சம்பாத்தியம் உடையவர். பெண்ணுக்கும் விருப்பம். ஆயினும் "அவர்கள் வீட்டில் மரைக்காயர் பட்டம் இல்லையே, ஹஜ்ரத்" என்று பெண்ணின் பெரியப்பா ஒரே சொல்லில் முடித்துவிட்டார். நான் எவ்வளவோ எடுத்துரைத்தேன், பயனில்லை. வெறுங்கையோடு எழுந்து வந்த அந்த இரவின் வருத்தம் இன்னும் என்னை விட்டு அகலவில்லை.

கோத்திரங்களாக நம்மைப் படைத்தது ஒருவரையொருவர் அறிந்து கொள்வதற்காகவே என்றும், இறையச்சம் மிக்கவரே அவனிடத்தில் கண்ணியமானவர் என்றும் அல்லாஹ் திருமறையில் தெளிவுறுத்தியிருக்கிறான். அறிந்து கொள்ளத் தந்த அடையாளத்தை ஒதுக்கி வைக்கும் வேலியாக்குவது என்ன நியாயம்? சீதக்காதியின் புகழ் அவருடைய பட்டத்தால் வந்ததா, கொடையால் வந்ததா? பட்டம் மட்டுமே போதுமாயின், அக்காலத்து மரைக்காயர் அனைவரையும் அல்லவா நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்!

அந்த மாணவனிடம் இறுதியாக இதைத்தான் சொன்னேன்: "தம்பி! பாஸ்போர்ட்டில் என்ன எழுதுவது என்பதை வாப்பா முடிவு செய்யட்டும். நீ உன் அப்பாவிடம் உட்கார்ந்து, அவருடைய வாப்பா யார், எந்த ஊருக்குக் கப்பலேறினார், எதை விற்றார், யாருக்குக் கொடுத்தார் என்று கேட்டு எழுதி வை."

அடுத்த வாரம் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். நான்கு தலைமுறைப் பெயர்கள் அதில் இருந்தன. அவற்றுக்குக் கீழே, முழுப் பெயரும் மறந்துபோன மூதாட்டி ஒருவரைப் பற்றி இரண்டே வரி: அவர் தம் காதணியை விற்று ஊருக்கு ஒரு கிணறு வெட்டினாராம். அப்பக்கத்தைப் படித்தபோது என் கண்கள் பனித்தன.

வாசகர்களே! உங்கள் வீட்டு முதியவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துக் கொள்ளுங்கள். மரைக்காயரோ, இராவுத்தரோ, லெப்பையோ, பட்டம் எதுவும் இல்லாத எளியவரோ, யாராயினும் சரி. முன்னோர் செய்த நன்மையைத் தெரிந்து கொண்டு அதைத் தொடர்வதே அவர்கள் பெயருக்கு நாம் செய்யும் மரியாதை. அதற்கு வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.