மார்க்காவை நம்பலாமா? மின்னஞ்சலில் கடைப் பெயர்



புளி மூட்டையின் மேல் மார்க்கா போடுவது நம் தொழிலில் பழைய வழக்கம். ஆனால் கோணியில் எந்த மார்க்காவையும் யாரும் அடிக்கலாம். அதனால்தான் விவரமான வியாபாரி மூட்டையைப் பிரித்து, ஒரு கைப்பிடி பார்த்த பிறகே விலை பேசுகிறார். மின்னஞ்சலில் தெரியும் பெயரும் இப்படிப்பட்ட மார்க்காதான்.

பாப்பாரப்பட்டி போன்ற ஊர்களிலும் இன்று பில், பாக்கி விவரம் எல்லாம் கணினியிலிருந்து தானாகவே வெளியூருக்குப் போகின்றன. அனுப்புநர் வரியில் இரண்டு பகுதிகள் உண்டு. முதலில் பெயர், அடுத்து கோண அடைப்புக்குறிக்குள் முகவரி. பெயரை நிரப்பாமல் விட்டால் வெறும் முகவரிதான் தெரியும். பெறுபவர் யாரோ என்று ஒதுக்கிவிடுவார். நம் பாக்கி வசூல் தள்ளிப்போகும்.

எனவே மென்பொருள் எழுதித் தருபவரிடம் மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள். முகவரிக்கு முன்னால் கடைப் பெயர் வரவேண்டும். பெயரில் காற்புள்ளி இருந்தால் இரட்டை மேற்கோளுக்குள் எழுதவேண்டும். இல்லையேல் கணினி அதை இரண்டு முகவரிகள் என்று எடுத்துக்கொள்ளும். தமிழில் பெயர் வேண்டுமானால் யூ.டி.எஃப்.-8 முறையில் குறியாக்கம் செய்யவேண்டும்; தவறினால் புரியாத குறிகளாகத் தெரியக்கூடும்.

இனிதான் முக்கியமான செய்தி. இந்தப் பெயர் உண்மைதானா என்று எவரும் சரிபார்ப்பதில்லை. நமக்குச் சரக்கு அனுப்பும் மண்டியின் பெயரை மோசக்காரனும் போட்டு, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, புதிய கணக்கில் பணம் கட்டுங்கள்" என்று எழுதலாம். கைப்பேசியில் பெரும்பாலும் பெயர் மட்டுமே தெரிவதால் ஏமாறுவது எளிது.

எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்ற சோதனைகள் உள்ளன. நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புவோர் இவற்றை அமைத்தாக வேண்டும் என்று கூகுள் நிறுவனம் 2024 பிப்ரவரி முதல் விதித்துள்ளது. ஆனால் இவை சோதிப்பது முகவரியின் வலைப்பெயரைத்தான். கடைப் பெயரை அல்ல. இலவச முகவரி ஒன்றில் நம் மண்டிக்காரர் பெயரை ஒட்டி அனுப்பினால், சோதனையில் அது தேறியே வரும்.

ஆகவே பெயரைத் தொட்டு முழு முகவரியையும் எழுத்து எழுத்தாகப் பாருங்கள். கணக்கு மாற்றம் என்றால், அந்த மடலில் உள்ள எண்ணுக்கு அல்ல, நம் பேரேட்டில் உள்ள பழைய எண்ணுக்குப் பேசிய பிறகே பணம் அனுப்புங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்குப் புகார் செய்யுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பணம் கைமாறும்.

மார்க்கா அழகாக இருக்கட்டும். சரக்கைப் பார்த்தே பணம் எண்ணுவோம்.