உளவும் கல்வியும்: ராபர்ட் கேட்ஸை முன்வைத்து

உளவுத்துறைக்காரர் ஒருவர் பல்கலைக்கழகத் தலைவர் ஆனார் என்றதும் நம்மில் பலருக்கு முதலில் வருவது முகச்சுளிப்பு. 'கல்விக்கூடத்துக்குள் ஒற்றனா?' என்று கேட்டுவிட்டால் விமர்சனம் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். இந்த முகச்சுளிப்புக்குள் ஒரு நம்பிக்கை பதுங்கியிருக்கிறது: கல்வி தூய்மையானது, உளவு அழுக்கு. இந்த எதிர்வு எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்ப்பதுதான் என் நோக்கம். அதற்கு அமெரிக்கரான ராபர்ட் கேட்ஸின் வாழ்க்கை தோதான ஒரு பிரதி.

முதலில் தகவல்கள். 1943இல் பிறந்தவர். இந்தியானா பல்கலைக்கழகத்தில் வரலாறு முதுகலை படிக்கும்போதே சி.ஐ.ஏ. அவரைப் பிடித்துக்கொண்டது. 1967இல் விமானப்படையில் உளவு அதிகாரி. மிசௌரியில் இருக்கும் வைட்மன் தளத்தில் அணு ஏவுகணைக் குழுவினருக்கு உளவுத் தகவல்களை விளக்கிச் சொல்வது வேலை. அப்புறம் சி.ஐ.ஏ.வில் சோவியத் விவகார ஆய்வாளர். 1991 முதல் 1993 வரை அதன் இயக்குநர். 1999இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் புஷ் பள்ளிக்கு இடைக்கால டீன். 2002இல் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே தலைவர். 2006 டிசம்பரில் அங்கிருந்து நேராகப் பாதுகாப்புத்துறைச் செயலர் நாற்காலிக்குப் போனார்.

இந்தப் பட்டியலில் நான் சொல்லாமல் விட்ட ஒன்றுதான் முக்கியம். 1974இல் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் அவர் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வுப்பொருள், சோவியத் நாட்டின் சீனவியல். சீனாவைப் பற்றி சோவியத் கல்வியாளர்கள் எழுதுவதை வாசித்தால் கிரெம்ளினின் பார்வைகளும் உட்பூசல்களும் தெரியவரும், யாரும் தொடாத மூலம் இது என்ற வாதம் அதன் தலைப்பிலேயே இருக்கிறது. ஆக, எதிரி நாட்டுப் பேராசிரியரின் கட்டுரை கேட்ஸுக்கு வெறும் புலமை அல்ல. அதிகாரம் தன்னையறியாமல் பேசிவிடும் இடம். அறிவையும் அதிகாரத்தையும் பிரிக்க முடியாது என்று ஃபூக்கோ தத்துவமாகச் சொன்னதை, அதே எழுபதுகளில் ஒரு சி.ஐ.ஏ. ஊழியர் வேலைமுறையாகவே கைக்கொண்டிருக்கிறார்.

சரி, அதே வாசிப்பை அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் மேல் வைத்தால்? 1942இல் போர்க்கால உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ். உருவானபோது அதன் ஆய்வுப் பிரிவை நடத்தியவர் ஹார்வர்டு வரலாற்றுப் பேராசிரியர் வில்லியம் லாங்கர். யேலிலிருந்து போன ஷெர்மன் கென்ட், உளவு என்பதே ஒருவகை அறிவு என்று 1949இல் புத்தகம் எழுதினார். அதே ஆய்வுப் பிரிவில் இந்தியா பற்றிய வேலையைப் பார்த்த சமஸ்கிருத அறிஞர் நார்மன் பிரௌன், 1948இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் தெற்காசியவியல் துறையைத் தொடங்கினார். 1958இல் வந்த சட்டத்தின் பெயர் 'தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம்'. அமெரிக்காவில் தமிழ் கற்பிக்கப்பட்டதற்கு அந்தச் சட்டப் பணமும் ஒரு காரணம். நாம் கொண்டாடும் 'மேலைத் தமிழியல்' ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை. அதனால் அந்த ஆய்வெல்லாம் பொய் என்று ஆகிவிடாது. ஆனால் கேள்வியை யார் கேட்டார்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

நமது மரபுக்கும் இது புதிதல்ல. குறளில் 'கல்வி' அதிகாரமும் 'ஒற்றாடல்' அதிகாரமும் பொருட்பாலின் அரசியல் என்ற ஒரே இயலுக்குள்தான் வருகின்றன. ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனை வைத்துச் சரிபார்க்கச் சொல்கிறார் வள்ளுவர். இந்தச் சரிபார்ப்பு எங்கே அறுந்துபோகிறது என்பதுதான் கேட்ஸ் விஷயத்திலும் கேள்வி.

1987இல் இயக்குநர் பதவிக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டு, ஈரான்-கான்ட்ரா விவகாரத்தால் திரும்பப் பெறப்பட்டது. 1991இல் மறுபடி விசாரணை. அவருக்குக் கீழே வேலைபார்த்த ஆய்வாளர்கள் சிலர் செனட் குழுமுன் வந்து, மேலிடத்துக்குப் பிடித்தமாதிரி மதிப்பீடுகளை வளைத்தார் என்று சாட்சி சொன்னார்கள். 1981இல் போப்பைக் கொல்ல நடந்த முயற்சியில் சோவியத்துக்குப் பங்கு உண்டு என்று வாதிட்ட 1985ஆம் ஆண்டு அறிக்கையும் அதில் அடக்கம். கேட்ஸ் மறுத்தார். 64-31 என்ற வாக்கில் பதவி கிடைத்தது. யார் சொன்னது சரி என்பதைவிட, ரகசியத்துக்குள் எழுதப்பட்ட அறிவு பொதுவில் மறுக்கப்படுவதற்கு ஒரு நியமன விசாரணை தேவைப்பட்டது என்பதுதான் எனக்கு உறைக்கிறது. பல்கலைக்கழகத்தில் இந்த மறுப்பு அன்றாட வேலையாக இருக்கவேண்டும்.

தலைவராக அவர் மோசமானவர் என்று சொல்லமாட்டேன். 400க்கும் மேற்பட்ட புதிய ஆசிரியப் பணியிடங்களை உண்டாக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தார். சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுப்பதில்லை என்று 2003இல் முடிவு செய்தார். அப்படியானால் பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் சலுகை என்ற எதிர்ப்பு கிளம்பவே, 2004இல் அந்தச் சலுகையையும் எடுத்தார். எதிர்ப்பு காதில் விழும் இடத்தில் உட்கார்ந்திருந்தார் என்பதே இதற்குப் பொருள்.

நாற்காலி மாறியதும் பாதை திரும்புகிறது. 2008 ஏப்ரலில், பாதுகாப்புத்துறைச் செயலராக, பல்கலைக்கழகத் தலைவர்கள் கூட்டத்தில் 'மினெர்வா' திட்டத்தை அறிவித்தார்: சமூக அறிவியல் ஆய்வுக்கு ராணுவத்துறை நிதி. அமெரிக்க மானுடவியல் சங்கம் கவலை தெரிவித்தது. ஆய்வுக்குப் பணம் கூடாது என்று அது சொல்லவில்லை. துறை அறிஞர்களைக் கொண்டு மதிப்பிடும் பழக்கமுள்ள சிவில் நிறுவனங்கள் வழியாக அந்தப் பணம் வரட்டும் என்றது. வள்ளுவர் சொன்ன இரண்டாம் ஒற்றன்தான் இது.

ஆகவே, வளாகத்துக்குள் வந்த உளவாளியைக் கண்டு பதறுவதில் பெரிய பயன் இல்லை. கதவு 1942இலிருந்தே திறந்துகிடக்கிறது. எந்த ஆய்வு கையில் கிடைத்தாலும், அது தமிழைப் பற்றியதாகவே இருந்தாலும், மூன்றைக் கேட்டுப் பழகுவோம்: கேள்வியைப் போட்டவர் யார், பதிலை யாரெல்லாம் பார்க்கலாம், 'இல்லை' என்று சொன்னவரின் வேலை மறுநாளும் இருந்ததா?