பாசன ஜலத்தைப் பரிசோதிக்க மாதிரி எடுக்கும் இடம்

இராமநாதபுரம் ஜில்லாவில் கமுதி தாலூகாவைச் சேர்ந்த அபிராமம் பக்கத்தில் கண்மாயும் கிணறுமே பாசனத்திற்கு ஆதாரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகினால் நெல் விளையும். கிணறுள்ளவர்கள் மிளகாய்க்கு இறைத்துப் பாய்ச்சுவார்கள். கிணற்று ஜலம் பல இடங்களில் உவராயிருப்பது யாவரும் அறிந்ததே. ஆகவே சிலர் ஒரு சீசா ஜலத்தைப் பரிசோதனைக்கு அனுப்பி, வந்த முடிவை நம்பிக் கிணற்றை ஆழப்படுத்தவும் மோட்டார் வைக்கவும் பணம் போடுகிறார்கள். அந்தச் சீசாவை எவ்விடத்தில் நிரப்பினோம் என்று நினைப்பவர் சிலரே.

உவர் ஜலம் நல்ல ஜலத்தைவிடக் கனமானது. மழைக்குப் பின் நல்ல ஜலம் மேலே நிற்க, உவர் அடியில் தங்கும். வாளியால் மேலாக மொண்டது பரிசோதனையில் நல்லதென்றே வரும். மோட்டார் இரண்டு மணி நேரம் ஓடியபின் வாய்க்காலில் போவதோ வேறு ஜலமாயிருக்கலாம். மிளகாய் உவரைத் தாங்காத பயிர். இலை கருகிய பிறகு செய்வதற்கொன்றுமில்லை. எனவே, வழக்கம்போல் இறைக்கும்போது குழாய் வாயிலேயே பிடிக்க வேண்டும். இறைக்கத் தொடங்கி அரைமணி கழித்து ஒன்றும், முடியுந் தறுவாயில் ஒன்றுமாக இரண்டு சீசா பிடித்தால் கிணற்றின் குணம் விளங்கும். அமெரிக்க உவர்நில ஆராய்ச்சிச்சாலையார் 1954-ல் வகுத்தபடி, மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 2.25 டெசிசீமன்ஸுக்கு மேற்பட்ட ஜலம் மிகக் கடும் உவராகும்.

நாக்கை நம்புவதும் சரியன்று. சோடா உப்புக் கலந்த ஜலம் வாய்க்கு அவ்வளவாகக் கரிக்காது. நிலத்தை மட்டும் களராக்கி இறுகச் செய்துவிடும்.

கண்மாய் விஷயம் வேறு. மேல்கண்மாயின் கலுங்கில் வழிவதே கீழ்க்கண்மாய்க்கு வரத்து. கீழ்க்கண்மாய் ஜலம் கெட்டால், கெடுதல் எங்கிருந்து வந்ததென்பதைக் கண்மாய்க்குள் எத்தனை சீசா எடுத்தும் அறிய முடியாது. வரத்துக்காலில் ஊர்ச் சாக்கடையோ உவர்நிலத்து ஓடையோ சேருமிடத்திற்கு மேலே ஒன்றும், கீழே ஒன்றும் எடுக்க வேண்டும். கீழே எடுப்பது சேருமிடத்தை ஒட்டினாற்போல் இருக்கலாகாது. இரண்டு ஜலமும் சற்றுத் தூரம் கலவாமல் கரைக்கொன்றாக ஓடுமாதலால், நன்கு கலந்தபின் கால்வாயின் நடுவில் எடுப்பதே முறை. இரண்டு ஊர்களுக்குள் இதுபற்றித் தகராறு இருப்பின், கிராம அதிகாரியும் இரு ஊராரும் உடனிருந்து எடுப்பது நலம். இல்லாவிடில் முடிவை ஒருவரும் ஒப்புக்கொள்ளார்.

பாசனத்திற்கு உகந்ததா என்று மட்டும் அறிய விரும்பினால் மடையருகில், மேல்மட்டத்துப் பாசியை விலக்கி, அரைமுழ ஆழத்தில் எடுத்தால் போதும். துணி துவைக்கும் துறையும் மாடு குளிப்பாட்டுமிடமும் கூடா. வெயிலில் ஜலம் சுண்டச் சுண்ட உப்பு மிஞ்சுவதால், மார்கழியில் நல்லதாயிருந்த கண்மாயை மாசியில் மறுபடியும் பார்க்க வேண்டும்.

சீசாவை அதே ஜலத்தால் மும்முறை அலம்பி நிரப்புக. மண்ணெண்ணெய், உரம், பூச்சிமருந்து இருந்த பாத்திரம் உதவாது. ஊர், சர்வே நம்பர், கிணற்றின் ஆழம், தேதி, எடுத்த இடம் ஆகியவற்றைச் சீட்டில் எழுதி ஒட்டி, தாமதமின்றி அனுப்ப வேண்டும். எடுத்த இடத்தை மதகையோ எல்லைக்கல்லையோ அடையாளமாகக் கொண்டு வீட்டுக் கணக்கிலும் குறித்துக்கொண்டால், மறுவருஷம் அங்கேயே எடுத்து ஒப்பிட ஏதுவாகும்.