விண்மீனின் பிறப்பை அறிவிக்கும் நீர்

மழைமுகிலில் நீர் உண்டென்பதை யாவரும் அறிவோம். விண்மீன்களுக்கு இடையே பரந்து கிடக்கும் முகில்களிலும் நீர் உண்டு. அது வானொலி அலைகளை அனுப்பித் தன் இருப்பிடத்தை நமக்கு உணர்த்துகின்றது என்றால், வியப்பன்றோ!

சூரியனைப் போல் எட்டு மடங்கும் அதற்கு மேலும் திணிவுடைய பெரு விண்மீன்கள், வாயுவும் தூசும் செறிந்த முகில்களின் உள்ளே பிறக்கின்றன. அத்தூசுத் திரையைச் சாதாரண ஒளி ஊடுருவ மாட்டாது. ஆயின், அப்பிறப்பிடங்களை நாம் எங்ஙனம் கண்டறிவது?

இதற்கு வழிகாட்டிய கண்டுபிடிப்பு 1969ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கலிபோர்னியாவின் ஹற் கிறீக் வானாய்வு நிலையத்திலே, சாள்ஸ் ரவுன்ஸ் என்னும் அறிஞரும் அவருடன் ஆய்ந்தோரும், ஓரயன் முகில் முதலிய இடங்களிலிருந்து 1.35 சென்ரிமீற்றர் அலைநீளத்தில் நீராவியின் கதிர்வீச்சு வருவதைக் கண்டனர். அதன் வலிமை மிகப் பெரிதாயிருந்தது. ஆய்வுகூடத்தில் 1954இல் முதல் மேசர் கருவியை உருவாக்கியவரும், அத்துறைப் பணிக்காக 1964இல் நோபல் பரிசில் பங்கு பெற்றவரும் இவரே. அவர் அரிதின் முயன்று அமைத்ததை இயற்கை வானிலே முன்னரே அமைத்திருந்தது!

அது நிகழும் விதத்தைப் பார்ப்போம். இளம் விண்மீன் வாயுத் தாரைகளை வேகமாய் வெளியே வீசுகின்றது. அவை சுற்றியுள்ள முகிலில் மோத, அங்குள்ள நீர் மூலக்கூறுகள் சக்தி பெறுகின்றன. அவ்வழியே செல்லும் அலையொன்று அவற்றைத் தூண்ட, அவையும் அதே அலையை வெளியிடுகின்றன. கரைவலை இழுப்போருள் ஒருவர் எழுப்பிய குரலோடு ஏனையோர் குரலுஞ் சேர்ந்து பேரொலியாவது போல, அலையும் வலுப்பெறுகின்றது. தூசு அதனைத் தடுப்பதில்லை.

அவுஸ்திரேலியாவின் 22 மீற்றர் மொப்ரா தொலைகாட்டி, பால்வீதியின் 100 சதுர பாகைப் பரப்பை ஆராய்ந்து 540 நீர் மேசர்களைக் கண்டது. 2011இல் வெளியான அம்முடிவின்படி, அவற்றுள் 334 புதியன.

எனினும், இங்கு எச்சரிக்கை வேண்டும். சிறு விண்மீன்கள் பிறக்குமிடத்தும், முதிர்ந்த விண்மீன்களைச் சுற்றியும் நீர் மேசர் தோன்றுவதுண்டு. ஆகவே ஆய்வாளர் வேறு சான்றுகளையும் நாடுவர். 1991இல் அறியப்பட்ட மெதனோல் மேசர் வகையொன்று பெரு விண்மீன்களின் பிறப்பிடங்களையே சார்ந்து நிற்பதால், அது நல்ல துணைச் சான்றாகும்.

தொலைவில் நிகழும் இப்பிறப்புகளால் நமக்கென்ன என்று கேட்கலாம். நீரில் ஐதரசனோடு சேர்ந்துள்ள ஒட்சிசனின் பெரும்பகுதி, முற்காலத்துப் பெரு விண்மீன்களின் உள்ளே ஆக்கப்பட்டு, அவை வெடித்தபோது வெளியிலே பரவியதாகும். நாம் அருந்தும் ஒரு குவளை நீரும், அழிந்துபோன அவ்விண்மீன்கள் நமக்கு விட்டுச்சென்ற செல்வமேயாம்.