இரும்பில் நீந்தும் மீன்கள்

'புரூட்டலிசம்' என்னும் கலைப்பெயரைக் கேட்டவுடன் கொடூரத்தை எண்ணி முகம் சுளிப்போர் உண்டு. அப்பெயர் பிறந்ததோ 'புரூட்' என்னும் பிரெஞ்சுச் சொல்லினின்று. 'பூச்சற்றது, உள்ளபடியே விடப்பட்டது' என்பது அதன் பொருள். பிரான்சின் மார்செய் நகரில் லெ கொர்புசியே எழுப்பி 1952-இல் நிறைவுற்ற குடியிருப்பு மாளிகை, சாந்து பூசாத கான்கிரீட்டையே அழகெனக் காட்டிற்று. பழங்கலைப்பொருள் சேகரிப்போர் பிற்காலத்தில் இப்பெயரையே, கரடுமுரடாகப் பற்றவைத்த உலோகச் சிற்பங்களுக்கும் சூட்டினர்.

பற்றவைத்தல் தொழிற்சாலையில் பிறந்து கலைக்கூடம் புகுந்த கலையாகும். ஸ்பெயின் நாட்டுச் சிற்பி ஹூலியோ கொன்சாலெஸ் 1918-இல் பாரிசை அடுத்த ரெனோ மோட்டார் தொழிற்சாலையில் அதனைக் கற்றார். 1928 முதல் பிக்காசோவுக்கும் அதில் துணை நின்றார்.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 1963-இல் கர்ட்டிஸ் பிரைலர், ஜெரி பெல்ஸ் என்னும் இருவர் 'ஆர்ட்டிசன் ஹவுஸ்' நிறுவனத்தைத் தொடங்கினர். கூட்டமாய் நீந்தும் மீன்களும் கடற்பறவைகளும் சுவர்ச் சிற்பங்களாய் அங்கிருந்து வெளிவந்தன. அவற்றில் 'சி. ஜெரே' என்னும் கையொப்பம் காணப்படும். அப்பெயருடைய மனிதர் ஒருவரும் இருந்ததில்லை! இருவர் பெயரின் கூட்டே அது. சிற்பங்களோ பட்டறைத் தொழிலாளர் பலரின் கைவண்ணம்.

இத்தகைய மீன் ஒன்றை அருகில் நின்று நோக்குவோம். பிராணவாயுவும் அசிட்டிலீனும் கலந்து எரியும் சுடரின் வெப்பம் 3,000 பாகை செல்சியசுக்கும் மேற்பட்டது. அச்சுடரால் அறுத்த தகட்டின் ஒழுங்கற்ற விளிம்பே துடுப்பாகிறது. உருகிச் சொட்டிய பித்தளைத் துளிகளே செதில்களாகின்றன. வெப்பம் தாக்கிய எஃகு ஏறத்தாழ 220 பாகையில் வைக்கோல் நிறமும், 300 பாகையில் நீலமும் கொள்ளும். தூரிகை தொடாமலே கடலின் நிறம் தோன்றிவிடுகிறது.

அன்பர்களே, இந்நிறம் மிக மெல்லிய படலமே. அழுக்கென்று எண்ணி உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினால், அன்று தொழிலாளியின் நெருப்பு எழுதிய தடம் ஒரே நாளில் அழியும். அது மீண்டும் வாராது. எனினும் முற்றும் கவனியாது விடுதலும் தகாது. இரும்பும் பித்தளையும் கூடுமிடத்தில் உப்புக்காற்றின் ஈரம் படிந்தால், இரும்பே முதலில் அரிக்கப்படும். எனவே ஈரமற்ற இடத்தில் மாட்டி, மெல்லிய தூரிகையால் தூசு தட்டி, உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தலே போதுமானது.

ஒட்டிய இடம் தெரியாதிருப்பதே நல்ல வேலை என்று நாம் பழகியுள்ளோம். ஒட்டிய தழும்பையே செதிலாக்கிய இம்மீன்களோ, மறைக்காத இணைப்பும் அழகே என்று நமக்குச் சொல்லி நிற்கின்றன.